அக்கா விட்ட மூன்றடி

இன்று இந்தப் படிகளில் ஏறி வந்து, அக்காவின் படத்துக்கு முன்னால் ஒரு பூவை வைத்துவிட்டு, இந்தச் சிறு புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும், அயலவர்களுக்கும், அக்காவோடு ஒரே நிரையில் நின்று கொழுந்து பறித்த அம்மாமார்களுக்கும் என் வணக்கம்.

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. “அத்தைக்கு ஒரு நினைவு மலர் போடணும்ப்பா, நீங்கதான் எழுதணும்” என்று என் மகள் ஒரே பிடியாக நின்றாள். நான் மேசன். ஒரு சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு போட்டுப் பார்த்துச் சொல்வேன். ஒரு வாக்கியம் நேராக நிற்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? எழுத்துப் பிழைகளை மகள் திருத்தியிருக்கிறாள். மற்றப் பிழைகளில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவற்றை மறைத்து எழுதினால் அக்கா படத்துக்குள் இருந்தபடியே என்னை முறைப்பார். அந்த முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் பலர் உண்டு.

அக்கா பிறந்தது இதே மண்ணில்தான். ஹட்டன் நகரத்துக்கு ஆகக் கிட்ட இருந்த தோட்டப் பிரிவு இது. கீழ்க்கணக்கு என்று பெயர். வரிசையாகப் பத்து ஒற்றை அறை, பத்துக் காம்பரா கொண்ட லயம். அதில் நாலாவது காம்பரா எங்களுடையது. அப்பா தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா கொழுந்து எடுக்கிறவர். அக்கா மூத்தவர், நான் கடைசி. எங்களுக்கு நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் அக்காவுக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம்.

எனக்கு ஐந்து வயதாகும்போது அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், அம்மாவின் கூடையைத் தலைக்கயிற்றோடு எடுத்து மாட்டிக்கொண்டு, அக்கா வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்த் தன் பெயரைக் கொடுத்தார். கூடை அவரது இடுப்புக்குக் கீழே தொங்கியதாம். கங்காணி சிரித்தாராம். “சிரிங்க, சிரிங்க. சாயந்தரம் நிறுக்கும்போது சிரிங்க” என்று அக்கா சொன்னதாக அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் நிறுத்தபோது கங்காணி சிரித்தாரா என்று நான் கேட்டதில்லை.

என்னைக் குளிப்பாட்டியது, தலை வாரியது, ரொட்டி சுட்டுக் கொடுத்தது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் அக்காதான். இழுத்துக்கொண்டு என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். நான் நடந்து போனதாக எனக்கு நினைவில்லை. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, டவுனில் ஒரு மேசனிடம் சாந்து குழைக்கப் போய்விட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் அக்காவுக்குத் தெரியும். அடிப்பார் என்று சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். அடிக்கவில்லை.

“தேயிலையிலேருந்து தப்பிச்சு சீமெந்துல போய் விழுந்திருக்க. சரி, விழுந்தது விழுந்துட்ட, ஒழுங்கா விழு” என்றார்.

அக்காவைக் கட்டிக்கொண்ட அத்தான் தேயிலை பெக்டரியில் வேலை செய்தார். வாய் திறந்து பத்துச் சொல் பேசாத மனிதர். அக்கா பேசுவார், அத்தான் கேட்பார். அப்படியே பதினெட்டு வருஷம் சந்தோஷமாக இருந்தார்கள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அக்கா யாரிடமும் குறைப்பட்டதில்லை. ஆனால் என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவளைக் கையில் வாங்கியவர், தாதி வந்து கேட்கும்வரை திருப்பிக் கொடுக்கவில்லை. அத்தான் நெஞ்சு நோயில் போன பிறகு, அக்காவின் வீட்டிலும் என் வீட்டிலும் மாறி மாறித்தான் அவள் வளர்ந்தாள்.

இனி நம் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது.

லயத்துக்காரர்களுக்கு ஆளுக்கு ஏழு பேர்ச் காணி, ஒரு சின்ன வீடும் முற்றமும் வைக்கிற அளவு நிலம், கிடைத்தபோது அக்காவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தது. கீழே மெயின் ரோட்டிலிருந்து மண்ணில் வெட்டிய படிகளில் ஏறி வர வேண்டும். அக்காவின் காணி மூலையில் பாதை வலப்பக்கம் மடங்கி மேலே போகும். அப்போது மேலே எட்டு வீடுகள்தான். அக்கா தன் வீட்டுக்கு முன்னால் கறிக்கு லீக்ஸ் பாத்தி போட்டு, சுற்றித் தகர வேலி கட்டினார். வீட்டை நான்தான் கட்டிக் கொடுத்தேன். முதல் நாள் அடுப்பு மூட்டி, புகை கூரை வழியே போகாமல் புகைபோக்கி வழியே போவதைப் பார்த்து, “அப்பாடா, இனி கண்ணு எரியாது” என்றார்.

லயத்து வாழ்க்கையை நினைத்து ஏங்குகிறவர்கள் சிலர் உண்டு. அக்கா அந்த ரகம் இல்லை. யாராவது “அந்தக் காலத்துல லயத்துல எல்லாரும் ஒத்துமையா இருந்தோம்” என்று ஆரம்பித்தால், “ஒரு கக்கூசுக்குப் பத்துக் குடும்பம் வரிசையில நின்னோம். அந்த ஒத்துமதானே?” என்பார். பேச்சு அதோடு நின்றுவிடும்.

பிறகு டவுன் எங்களை நோக்கி ஏறி வந்தது. பிள்ளைகளின் படிப்புக்காகப் பொகவந்தலாவையிலிருந்து வந்தார்கள். கொத்மலையிலிருந்து வந்தார்கள். கொழும்பில் கடை வேலை பார்த்துச் சம்பாதித்தவர்கள் தாய் தகப்பனைக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். ஏழு பேர்ச்சை இரண்டாகப் பிரித்து இரண்டு வீடு வந்தது. வீட்டுக்கு மேலே மாடி வந்தது, மாடிக்கு மேலே தண்ணீர்த் தாங்கி வந்தது. டியூஷன் போர்டு தொங்கியது. பேக்கரியில் வேலை செய்யும் சுனில் தன் மனைவியோடு வாடகைக்கு வந்தார். மூன்று கடைகளில் மூன்று விதமான பெயர்ப்பலகை. கீழ்க்கணக்கு என்று சொன்னால் ஆட்டோக்காரர்களுக்கே தெரியாமல் போனது.

இதில் பாதி வீடுகள் நான் கட்டியவை. சனம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, மேஸ்திரி என்ற கணக்கில் “பாஸ்” என்று கூப்பிட ஆரம்பித்தது. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

அக்காவுக்கும் சனம் பெருகுவது பிடித்திருந்தது. புதிதாக ஒரு குடும்பம் சாமான் சட்டியோடு வந்து இறங்கினால், அன்றைக்கே ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணியும் ஒரு தட்டில் ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அடுப்பு மூட்டாத வீட்டில் முதல் நாள் யாரும் பசியோடு இருக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, “எந்தத் தோட்டம்?” என்பதுதான். தோட்டத்தைச் சொன்னால் பிரிவைக் கேட்பார். பிரிவைச் சொன்னால் லயத்தைக் கேட்பார். லயத்தைச் சொன்னால் எப்படியாவது ஒரு சித்தி வழியோ மாமா வழியோ உறவைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். சுனிலிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஊரைக் கேட்டார். அவர் மாத்தளைப் பக்கம் ஒரு கிராமத்தைச் சொன்னார். அங்கே உறவு கண்டுபிடிக்க முடியாமல் போனதில் அக்காவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். யார் வந்தால் என்ன, யார் போனால் என்ன, எனக்குச் சுவர் முடிந்தால் சரி.

அப்படித்தான் அந்தப் பிழை நடந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் சுவர் கட்டும்போது “பாஸ், பாத பக்கம் ஒரு சாண் தள்ளிப் போடுங்களேன்” என்பார். நானும் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு சாண் தள்ளிப் போடுவேன். தோளில் கேஸ் சிலிண்டர் வைத்த ஆள் வர முடியுமா? முடியும். இரண்டு பேர் பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா? முடியும். அவ்வளவுதான் என் கணக்கு. கடைசியில் அக்காவின் மூலைக்கு எதிர்ப்புறத்தில் ஒரு வீட்டுக்காரருக்குக் கருங்கல் அணைச்சுவர் கட்டிக் கொடுத்தேன். இப்போதும் அசையாமல் நிற்கிறது. நல்ல வேலை.

பாதையில் அதற்கும் மேலே ஒரு மாடி வீட்டில் பொகவந்தலாவையிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. புருஷன் தோட்டத்தில் காவல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி பெயர் பாக்கியம் அம்மா. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அந்த மனிதர் இறந்துபோனார். மழை விட்ட ஒரு பின்னேரம் பிரேதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கினார்கள். முன்னால் தப்பு மேளம் அடித்துக்கொண்டு போனார்கள். அக்காவின் மூலைக்கு வந்ததும் பெட்டி நின்றுவிட்டது. திரும்ப முடியவில்லை. பின்னால் போய்ப் பார்த்தார்கள், சரிவரவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், என் கருங்கல்லில் இடித்தது. தப்பு நின்றது. தூக்கியவர்களில் ஒருவர், “நிமித்துங்கடா, நிமித்தித்தான் எறக்கணும்” என்றார். கால்மாடு மேலே எழும்பியது. மேலே படியில் நின்ற பாக்கியம் அம்மா, “அய்யோ, அவருக்குத் தல கீழ போவுதே!” என்று கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அக்கா வேலிக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

“மனுசன நிமித்தாதீங்கப்பா! படுத்துக் கெடக்குறவர எதுக்கு நிக்க வைக்கிறீங்க? எறக்குங்க, எறக்குங்க. என் வேலியப் பிரிங்க!”

யாரும் பிரிப்பதற்குள் அவரே இரண்டு கையாலும் தகரத்தைப் பிடித்து இழுத்துவிட்டார். பெட்டி அக்காவின் லீக்ஸ் பாத்தி மேல் ஏறித் திரும்பிப் போனது. லீக்ஸ் முழுக்கச் சேறாகிவிட்டது. அக்காவின் கையில் தகரம் கிழித்து இரத்தம் வந்தது. நான் கூட்டத்தில் பின்னால் நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் எல்லாரும் பார்ப்பது போலவே இருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் அக்கா என் வீட்டுக்கு வந்தார். கையில் துணிக்கட்டு. மறு கையில் என்னுடைய டேப். அதை எங்கிருந்து எடுத்தார் என்று தெரியாது.

“ஒரு பெட்டி எத்தன அடிடா?”

“ஆறரை இருக்கும்.”

“அகலம்?”

“ரெண்டு. தூக்குற ஆளோட சேத்தா நாலு.”

“அந்த மூல எத்தன?”

நான் அக்காவின் கைக்கட்டைப் பார்த்தேன்.

“சொல்லு பாஸ். ஊரே ஒன்னய பாஸ் பாஸ்னு கூப்புடுதே.”

“ரெண்டே முக்கா.”

“கேஸ் சிலிண்டர் வருமா?”

“வரும்.”

“பிரிட்ஜ்?”

“வரும்.”

“அலுமாரி?”

“கழட்டிக் கொண்டாந்தா வரும்ங்க.”

“மனுசனக் கழட்ட முடியுமாடா?”

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அக்கா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

“கருங்கல்ல நீ பேத்தெடுக்க மாட்ட. பேத்தெடுக்கவும் வேணாம், பாவம், அந்த வீடு சரிஞ்சுரும். என் பக்கத்துல மூணடி விடுறேன். வேலிய மறுபடி கட்டல. லீக்ஸும் போடல. நீ தோண்டி வச்சிருக்கிற அந்தக் குழிய மூடிரு.”

அந்தக் குழி என்னவென்று சொல்ல வேண்டும். என் மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. அக்காவின் மூலையில், அக்காவின் சம்மதத்தோடுதான், அவளுக்கு ஒரு வீடு கட்ட அத்திவாரம் பார்த்திருந்தேன். முதல் தூணுக்கு லீக்ஸ் பாத்தி ஓரத்தில் குழி தோண்டி, கம்பிகூட வளைத்துத் தயாராக வைத்திருந்தேன். மூன்றடி போனால் தூண் போகும். தூண் போனால் முன்னறை போகும். முன்னறை இல்லாமல் ஏழு பேர்ச்சில் என்னத்தைக் கட்டுவது? என் மகள் பிறந்ததிலிருந்து மனதில் கட்டிக்கொண்டு வந்த வீடு அது. ஊரார் எல்லாருக்கும் வீடு கட்டிக் கொடுத்தவன், சொந்த மகளுக்கு ஒன்று கட்டாமல் விடுவதா?

அக்காவை நான் எப்போதும் “நீங்க” என்றுதான் பேசுவேன். அன்று வாய் தவறிவிட்டது.

“ஒனக்கென்ன பைத்தியமா? எவனோ எங்கிருந்தோ வந்து வாடகைக்கு இருக்கிறவனுக்காக, சொந்தப் புள்ள வீட்டுல மூணடிய வெட்டுவியா? நாளைக்கு அவனுங்க வேற எடத்துக்குப் போயிருவானுங்க. நம்ம புள்ளதான் இங்க இருக்கப் போறா.”

அக்கா டேப்பைச் சுருட்டி மூடினார்.

“அந்த மனுசன் எங்கடா போனாரு? இங்கதான செத்தாரு” என்றார். டேப்பை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் நாங்கள் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. இந்த மலரைப் படிக்கும் உறவுகளில் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். பொங்கலுக்கு வந்தவர்கள் முன்னால் சிரித்துக்கொண்டு நின்றோமே, அது நடிப்பு. சண்டையிலும் அக்கா வீட்டிலிருந்து சம்பல் வந்தது. என் மகள் கொண்டுவருவாள். நான் சாப்பிடுவேன். கிண்ணத்தைக் கழுவித் திருப்பி அனுப்புவோம்.

அக்கா வேலியைத் திரும்பக் கட்டவில்லை. மூன்றடி தள்ளி ஒரு வரிசைக் கல் வைத்து அதற்குச் சுண்ணாம்பு பூசினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை காலையில் அக்கா கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்துப் போய், கல்லை ஒவ்வொன்றாக ஒரு சாண் வெளியே தள்ளி வைத்தேன். சனிக்கிழமை கல் பழைய இடத்தில் இருந்தது. அடுத்த வெள்ளி மறுபடி தள்ளினேன். சனி மறுபடி உள்ளே. ஐம்பது வயது தாண்டிய ஒருவன் அறுபது வயது தாண்டிய அக்காவோடு கல் விளையாடிக்கொண்டிருந்தேன். குழியையும் மூடவில்லை. மேலே தகரத்தைப் போட்டு மூன்று கல் பாரம் வைத்திருந்தேன். இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அக்கா விட்ட இடத்தில் என்ன நடந்தது? மேல் வீட்டுப் பொடியன்கள் மோட்டார் சைக்கிளை மெயின் ரோட்டிலிருந்து பக்கத்துச் சரிவு வழியாக ஏற்றிக்கொண்டுவந்து அங்கே நிறுத்த ஆரம்பித்தார்கள். எனக்குப் பெரிய சந்தோஷம். என் மகளிடம் சொல்லி அனுப்பினேன். “அத்தகிட்டப் போய்க் கேளு, பெட்டிக்கு விட்ட எடத்துல பைக் நிக்குதாமே.”

அவள் போய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். அக்கா பைக் பொடியன்களை ஏற்கனவே கூப்பிட்டுப் பேசியாகிவிட்டதாம். “நிப்பாட்டுங்கப்பா, சும்மா கெடக்குற எடந்தான. ஆனா யாரு வீட்டுலயாவது துக்கம்னு கேட்டா, மொத வேலையா வண்டிய எடுத்துரணும். என் வீட்டுத் துக்கம்னாலும் சரி” என்றாராம். அவர்களும் தலையாட்டினார்களாம். டியூஷன் நடத்தும் கணக்கு மாஸ்டர் ஒருவர் உண்டு, அவர் மட்டும் “அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா” என்றாராம். “பேசாட்டி வராமப் போயிருமா மாஸ்டர்?” என்று கேட்டாராம் அக்கா.

அன்று என் மகள் இன்னொன்றும் சொன்னாள். “அத்த விட்ட எடத்துல எனக்கு முன்னறை வேணாம்ப்பா. நான் அதுல நிம்மதியா ஒக்காந்து டீவி பாக்க முடியுமா?” நான் அவளையும் திட்டினேன். அப்பன் என்று இருந்தால் திட்டாமல் எப்படி?

போன வருஷம் மழைக்காலத்தில் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இரண்டு படி ஏறினால் நிற்பார். ஒரு நாள் நிற்கவும் முடியவில்லை. பேசாத கணக்கையெல்லாம் விட்டுவிட்டு ஓடினேன். அக்காவை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து நாங்கள் நாலு பேர் தூக்கினோம். நான் ஒருவன். மற்ற மூவர் சுனில், மாஸ்டர், பைக் வைத்திருக்கும் ஒருவர். மூலையில் கதிரை லேசாகத் திரும்பியது. ஆனால் தகரம் போட்ட குழியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. சுனிலின் கால் தகரத்தில் பட்டு டமாரென்று சத்தம் கேட்டது. அக்கா கண்ணைத் திறந்து பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். தாதிமார் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவிடம் எந்தத் தோட்டம் என்று கேட்டு, இரண்டு நாளில் சொந்தமும் கண்டுபிடித்துவிட்டார். ஐந்தாம் நாள் பின்னேரம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். ஒரேஞ் உரித்துக் கொடுத்தேன். ஒரு சுளை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“குழிய மூடிட்டியா?”

“மூடிட்டேங்க அக்கா.”

“நெசமா?”

“நெசமாத்தான்.”

“நல்லது. எதுக்கு வீணா ரெண்டு பேரும்...” என்றவர் மிச்சத்தைச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து, விரலில் காய்ந்து ஒட்டியிருந்த சீமெந்தை நகத்தால் சுரண்டினார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்முன் என் காதில் ஒட்டிய சோப்பை இப்படித்தான் சுரண்டுவார்.

நான் மூடவில்லை. நாளைக்குப் போய் மூடிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக நினைத்தேன். மறுநாள் மத்தியானம் அக்கா போய்விட்டார்.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்றிரவு அக்கா வீட்டில் இருந்தார். மறுநாள் பின்னேரம் அடக்கம் என்று சொல்லியாகிவிட்டது. காலையில் பெண்கள் ஒப்பாரி வைத்து அழுதுகொண்டிருந்தார்கள். என் மனைவியும் மகளும் அக்காவின் தலைமாட்டில் இருந்தார்கள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. வீட்டின் பின்பக்கம் சாத்தியிருந்த மம்மட்டியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனேன். தகரத்தைத் தூக்கிப் போட்டேன். உள்ளே மழைத் தண்ணீர் நின்றது. லீக்ஸ் பாத்தி இருந்த இடத்து மண்ணை வெட்டி உள்ளே தள்ள ஆரம்பித்தேன். முதல் மூன்று நான்கு மம்மட்டி மண் தண்ணீரில் கரைந்தே போனது.

பைக்குகள் எல்லாம் அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தன. நான் யாருக்கும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு மம்மட்டிச் சத்தம் கேட்டது. சுனில். வேலைக்குப் போகாமல் நின்றிருக்கிறார். மாஸ்டர் வெள்ளைச் சட்டையோடு வந்து, சட்டையைக் கழற்றி வேலிக்கம்பில் போட்டுவிட்டுக் கூடை தூக்கினார். எனக்குப் பெயர் தெரியாத ஆட்கள் மேலே இருந்து இறங்கி வந்தார்கள். ஒருவர் தன் வீட்டுக் கட்டட வேலைக்கு வைத்திருந்த கல்லை வாளியில் அள்ளிக் கொண்டுவந்து போட்டார். பாக்கியம் அம்மா, அந்த மாடி வீட்டிலிருந்து, தலையில் ஒரு கூடை மண்ணோடு இறங்கி வந்தார். எங்கிருந்து வெட்டினார் என்று தெரியாது. குழியில் கொட்டிவிட்டு, “மிதிச்சு விடுங்க தம்பி, ஓரம் நெகிழ்ந்து நிக்குது” என்றார். ஏன் இவ்வளவு நாள் மூடவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் சேர்ந்து மிதித்தோம்.

பின்னேரம் தப்புச் சத்தத்தோடு அக்காவைத் தூக்கினோம். முன்னால் வலப்பக்கம் நான். வாசல் தாண்டி, ஒரு படி இறங்கி, மூலைக்கு வந்தோம். எனக்கு அக்கா முகம் கண்ணில் இல்லை. கருங்கல்லைத்தான் பார்த்தேன். இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். பெட்டி எங்கேயும் இடிக்கவில்லை, சாயவில்லை, யாரும் நிற்கவும் இல்லை. காலுக்குக் கீழே மண் மெத்தென்று அமுங்கியது. அக்கா படுத்தபடியே திரும்பிப் போனார். வீட்டில் அழாத நான் அங்கேதான் அழுதேன். தோளில் பாரம் இருந்ததால் கண்ணைத் துடைக்கக் கை இல்லை. பின்னால் வந்த மாஸ்டர் தன் கைக்குட்டையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

இந்த ஒரு வருஷத்தில் என் மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. எங்கள் வீட்டு மாடியில் அவளுக்கு இரண்டு அறை கட்டிக் கொடுத்திருக்கிறேன். முன்னறை கொஞ்சம் சின்னதுதான். டீவி நிம்மதியாகப் பார்க்கிறாள்.

நானும் இன்னும் வேலைக்குப் போகிறேன். சனம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நேற்றுக்கூட ஒருவர், பாதைப் பக்கம் ஒரு சாண் தள்ளிப் போடச் சொன்னார். முடியாது என்றேன். ஏன் பாஸ் என்று கேட்டார். “பெரிய அலுமாரி வாங்கினா வராதுங்க. கழட்டாம வரணும்” என்றேன். வீடு கட்டுகிற மனிதரிடம் வேறு என்ன சொல்வது? நல்ல நாளும் அதுவுமாக. அவரும் ஒத்துக்கொண்டார்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். அக்காவை ஆறு நாளும் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும் வைத்தியர்களுக்கும், தப்பு அடித்து வழியனுப்பிய தம்பிமாருக்கும், தூரத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்த உறவுகளுக்கும், கருமாதிக்குச் சமைத்த, பாத்திரம் கழுவிய கைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அன்று காலை மண் போட்டவர்களின் பெயர்களை இங்கே வரிசையாக எழுத வேண்டும் என்று மகள் சொன்னாள். எழுத உட்கார்ந்தால் எனக்கு மூன்று பெயர்தான் தெரிந்தது. பதினைந்து பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அதனால் போன வாரம் ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். என்னைப் பார்த்ததும் சிலர் சுவர் வெடித்துவிட்டதோ என்று பயந்துபோனார்கள். உட்கார்ந்து, அக்கா கேட்டது போலவே, எந்தத் தோட்டம் என்று கேட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரைச் சொன்னார்கள். அக்காவைப் போல எனக்கு உறவு கண்டுபிடிக்கத் தெரியவில்லை. எழுதி மட்டும் வைத்துக்கொண்டேன். கடைசியாகச் சுனில் வீட்டுக்குப் போனேன். அவர் ஊர் எனக்குத் தெரியும். இருந்தாலும் வாய்ப் பழக்கத்தில் அவரிடமும் கேட்டுவிட்டேன்.

“இங்கதான் பாஸ். கீழ்க்கணக்கு” என்றார்.

அந்தப் பெயர்கள் எல்லாம் பின் அட்டையில் இருக்கின்றன. தயவுசெய்து ஒருமுறை படியுங்கள்.

அந்த மூலைக்குப் போன மாதம் கொங்கிறீட் போட்டுவிட்டேன். சுண்ணாம்புக் கல் வரிசை அக்கா வைத்த இடத்திலேயே இருக்கிறது. இன்று நீங்கள் மேலே ஏறி வரும்போது அந்தக் கொங்கிறீட்டில் கால் வைத்துத்தான் வந்தீர்கள். திரும்பிப் போகும்போதும் அப்படியே போங்கள். தாராளமாக இடம் இருக்கிறது.

குழிய மூடிட்டேங்க அக்கா. நெசமாத்தான்.